கண்ணோட்டம் என்னும் பயிற்சி

நுழையும்முன்

கண் திறந்திருப்பதனால் மட்டுமே காட்சி அமைந்துவிடாது. கண் ஓடும் இடத்தில் மனமும் சற்று நின்றாக வேண்டும். தியானம், முழுக்கவனம், கருணை ஆகியவற்றை அறநூல்களும் சமயங்களும் நெடுங்காலமாகப் பேசிவருகின்றன. கடந்த நூற்றாண்டில் அறிவியல் அவற்றை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுவந்து அளக்கத் தொடங்கியது. அளவையில் தேறியவை எவை, தேறாதவை எவை என்பதைத் தேனி மாவட்டத்து மேகமலையிலிருந்து தொடங்கிக் காண்போம்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிற்கும் ஒரு பூவின் பெயரைச் சூட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள். மலைக்குச் சென்று திரும்பியவரிடம் அப்பெயர்களுள் ஐந்தைச் சொல்லக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் தடுமாறுவர். பலகைகள் அவர்தம் கண்ணில் படாமல் இல்லை. கண்ணில் பட்டவை மனத்தில் பதியவில்லை, அவ்வளவே. அதே பேருந்தை ஓட்டுபவரின் நிலை வேறு. மேகம் சாலையில் இறங்கிவிட்டால் சில அடித் தொலைவிற்கு அப்பால் அவருக்கு ஒன்றும் புலப்படாது. அவர் நேற்றையும் நினைப்பதில்லை, நாளையையும் நினைப்பதில்லை. அடுத்த வளைவு ஒன்றே அவருடைய உலகம். அந்த அரைமணி நேரத்தில் அவர் செய்வதற்கு அறிவியலார் இட்டிருக்கும் பெயர்தான் முழுக்கவனம்.

இம்மலையோடு தொடர்புடைய மற்றொரு செய்தியும் உண்டு. 1948-ஆம் ஆண்டில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கை ஆர்வலர் இங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். அதன் பதப்படுத்தப்பட்ட உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தது. பரவலாகக் காணப்படும் வேறொரு வௌவாலினத்தின் பெயரை அதற்கு இட்டு அங்கே வைத்துவிட்டனர். 24 ஆண்டுகள் கழிந்தன. 1972-இல் தாய்லாந்து நாட்டு விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா அவ்வுடலை எடுத்து மீண்டும் ஆராய்ந்தார். பற்களின் அமைப்பும் வால் இல்லாமையும் அவர் கருத்தை ஈர்த்தன. உலகம் அதுவரை அறிந்திராத ஒரு பேரினமே அந்தப் பெயர்ச்சீட்டின்கீழ்க் கிடந்தது என்று தெரியவந்தது. பறவையியல் அறிஞர் சலீம் அலியின் பெயரால் அவ்வௌவால் இன்று வழங்கப்படுகிறது. இருபத்து நான்கு ஆண்டுகளும் அது கண்முன்னேதான் இருந்தது. 'இது தெரிந்த ஒன்றுதானே' என்ற எண்ணமே அதை மறைத்திருந்தது. வௌவாலுக்கு நேர்ந்தது நம் வகுப்பறையில் அருகே அமர்ந்திருக்கும் ஒருவருக்கும் நேரலாம்.

அலையும் மனம்

மனம் எவ்வளவு நேரம் செய்யும் செயலில் நிலைக்கிறது? 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் ஆகிய இருவரும் இவ்வினாவிற்கு விடை தேடினர். 2250 பேரின் கைப்பேசிகளுக்கு ஒரு நாளின் வெவ்வேறு வேளைகளில், முன்னறிவிப்பின்றி, மூன்று செய்திகளைக் கேட்டு வினாக்கள் அனுப்பினர்: இப்போது என்ன செய்கிறீர்கள்? உங்கள் மனம் அச்செயலில் இருக்கிறதா? உங்கள் மகிழ்ச்சி எவ்வளவு? வந்த விடைகளுள் 46.9 விழுக்காட்டில் மனம் செய்யும் செயலில் இல்லை. ஏறத்தாழப் பாதி வாழ்நாள் வேறெங்கோ கழிகிறது என்பதாகும் இது. வியப்பு அதோடு முடியவில்லை. என்ன செய்கிறார் என்பதைவிட மனம் எங்கிருக்கிறது என்பதே ஒருவரது மகிழ்ச்சியை மிகுதியாகத் தீர்மானித்தது. இனியவற்றை நோக்கி அலைந்த மனமும் செயலில் நின்ற மனத்தைவிட மகிழ்ச்சியாக இருக்கவில்லை.

மூளையிலும் இதற்குச் சான்று உண்டு. வேலை ஏதுமின்றி வெறுமனே இருக்கும்போது மூளை ஓய்வெடுக்கும் என்றே முன்பு கருதினர். 2001-இல் மார்க்கஸ் ரைக்கிள் என்னும் அமெரிக்க நரம்பியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அதற்கு மாறான ஒன்றை எடுத்துரைத்தனர். வெளிச்செயல் இல்லாதபோது மூளையின் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து முனைப்பாக இயங்குகின்றன. பழையதை அசைபோடுதல், வருவதைக் கற்பனை செய்தல், 'என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பார்' என்று தன்னையே சுற்றிச் சுழல்தல் ஆகியவை அப்பகுதிகளோடு தொடர்புடையவை. நெடுங்காலம் தியானம் பயின்றவர்களிடம் தியானத்தின்போது இப்பகுதிகளின் இயக்கம் தணிந்திருப்பதை 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஆயினும் அலைகின்ற மனம் பகைவன் அன்று. கவிதையும் கணக்கின் விடையும் பல நேரங்களில் அலையும் மனத்திலேதான் தோன்றுகின்றன. அது எப்போது புறப்பட்டுப் போயிற்று என்பதை நாம் அறியாதிருப்பதுதான் இடர்.

தியானத்தில் உண்மையில் என்ன நடைபெறுகிறது என்பதை இங்கே சொல்லிவிடலாம். முதுகை நிமிர்த்தி அமைதியாக அமர்கிறோம். மூச்சு நாசியின் வழியே உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனிக்கிறோம். நான்கைந்து மூச்சிற்குள் மனம் தேர்வுக்கோ வீட்டுச் சண்டைக்கோ ஓடிவிடும். ஓடியதை அறிகிறோம். கடிந்துகொள்ளாமல் மீண்டும் மூச்சிற்குத் திருப்புகிறோம். மறுபடியும் ஓடும்; மறுபடியும் திருப்புகிறோம். மனம் ஓடவே கூடாது என்று எண்ணித் தொடங்குவோர் இரண்டே நாளில் தோற்றுவிட்டதாகக் கருதி விட்டுவிடுகின்றனர். இவ்வட்டாரத்தின் மலைமாடுகளை மேய்ப்பவரைக் கேட்டால் அவர் தெளிவுபடுத்துவார்: மாடு விலகத்தான் செய்யும், விலகியதைக் கண்டு திருப்புவதே மேய்ப்பு. மனம் விலகியதைக் காணும் அந்த நொடிதான் இப்பயிற்சியின் உயிர்.

மூச்சைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளிவிடும்போது சற்று மெதுவாகிறது. மூளைத்தண்டிலிருந்து இதயத்திற்கும் வயிற்றிற்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கும் கடிவாளமாக விளங்குகிறது. வெளிமூச்சு நீள நீள அக்கடிவாளம் இறுகுகிறது. தானே இயங்கும் உடற்செயல்களுள், நாம் விரும்பினால் கையிலெடுத்துக்கொள்ளக் கூடியது மூச்சு ஒன்றே எனலாம்.

பாறையில் அமர்ந்தவர்கள்

மேகமலையிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கினால் நெல் வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே உத்தமபாளையம் இருக்கிறது. அவ்வூரை ஒட்டிய குன்றின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அருகே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு. அவை கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்று கருதப்படுகின்றன. மதுரைப் பகுதியின் பல குன்றுகளில் இடம்பெறும் அச்சணந்தி என்னும் சமணத் துறவியின் பெயர் இங்கும் காணப்படுகிறது. உருவங்களுள் சில காலை மடித்து அமர்ந்துள்ளன. சில கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிமிர்ந்து நிற்கின்றன. தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர் என்று அறியலாம். இவ்விரு நிலைகளும் சமணர் தியானத்திற்கு வகுத்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கம்பம் பள்ளத்தாக்கில் மனத்தை ஒருமுகப்படுத்துவதை முழுநேரப் பணியாகக் கொண்டோர் வாழ்ந்தனர் என்பதற்கு இப்பாறை சான்று.

அத்துறவியர் கொல்லாமையையும் தியானத்தையும் இருவேறு பாடங்களாகக் கொள்ளவில்லை. நடக்கும்போது காலடியில் எறும்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுக்குக் கவனப் பயிற்சி. அதுவே அருளும் ஆயிற்று. பௌத்தத்திலும் எல்லா உயிர்களிடத்தும் நட்பையும் கருணையையும் விரித்துச் செல்வது தியானத்தின் ஒரு வகை. பதஞ்சலியின் யோக நூல் மனத்தெளிவிற்கு உரிய வழிகளுள் ஒன்றாகத் துன்பமுற்றாரிடம் காட்டும் கருணையைக் கூறுகிறது. திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளை உடைய யோகத்தை விளக்குகிறது. மணிமேகலையின் தலைவி அமுதசுரபியை ஏந்திப் பசித்தோரைத் தேடிச் செல்கிறாள்.

இவை அனைத்திலும் நம் மொழியின் ஒரு சொல் என்னை மிகுதியாக ஈர்க்கிறது. அது 'கண்ணோட்டம்'. இன்று அச்சொல்லைப் பார்வைக் கோணம் என்னும் பொருளில் ஆள்கிறோம். திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்திற்கு அதுவே தலைப்பு. அங்கே அதன் பொருள் இரக்கம். கண் ஒருவர்பால் ஓடி அவரிடத்தில் தங்குவதையே இரக்கத்திற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாக வைத்த வள்ளுவர், கண்ணோட்டத்தைப் பொருட்பாலில் அரசியலின்கீழ் வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது. ஆட்சி செய்வோர்க்கும் அலுவல் பார்ப்போர்க்கும் உரிய பண்பு அது. கவனத்திற்கும் கருணைக்கும் உறவு உண்டா என்று ஆய்வுக்கூடங்கள் இன்று வினவுகின்றன. தமிழ் அவ்வுறவை ஒரே சொல்லுக்குள் வைத்திருந்தது.

தெரிந்து தெளிவோம்
'தியானம்' என்பது வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவம். பாலி மொழியில் 'ஜான' என்றும், சீனத்தில் 'சான்' என்றும், ஜப்பானில் 'சென்' என்றும் வழங்குவது இதே சொல்லே. தமிழில் இதனை 'ஊழ்கம்' என்றும் வழங்குவர்.

அளக்க முயன்றோர்

1935-இல் தெரேஸ் புரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவர், எடுத்துச்செல்லத்தக்க இதய மின்னலைக் கருவியோடு இந்தியாவிற்கு வந்தார். யோகியர் தம் இதயத் துடிப்பை நிறுத்திக் காட்டுவதாகச் சொல்லப்பட்டதைச் சோதிப்பதே அவருடைய நோக்கம். துடிப்பு ஏறத்தாழ நின்றுவிட்டதாக ஒரு பதிவும் வெளியாயிற்று. அச்செய்தி உலகெங்கும் பரவியது. 1957-இல் வெங்கர், பாக்சி என்னும் இரண்டு அறிஞர்கள் அமெரிக்காவிலிருந்து மேம்பட்ட கருவிகளுடன் வந்து இந்திய உடலியங்கியலாளர் ஆனந்துடன் சேர்ந்து மீண்டும் சோதித்தனர். 1961-இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கும்போது மணிக்கட்டின் நாடித் துடிப்பு மறைந்தது உண்மை. ஆனால் இதயம் நிற்கவில்லை. மின்னலைப் பதிவில் அது தொடர்ந்து இயங்கிக்கொண்டே இருந்தது. யோகியர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருளில்லை. நாடியைக் கொண்டு இதயத்தை அளந்ததுதான் பிழை.

அதே 1961-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகியரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தனர். பொதுவாகக் கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது ஆல்ஃபா எனப்படும் அலைகள் தோன்றும். ஒளியோ ஒலியோ தாக்கினால் அவை உடனே கலையும். ஆழ்ந்த தியானத்தில் இருந்த யோகியரிடம் ஒளி, ஒலி, சூடு எவற்றாலும் அவை கலையவில்லை. இருவர் 4 பாகை செல்சியசு குளிர்நீரில் முக்கால் மணி நேரத்திற்கும் மேலாகக் கையை வைத்திருந்தும் அலைகள் நிலைத்தன. 1966-இல் ஜப்பானின் கசமட்சு, ஹிராய் ஆகியோர் சென் துறவியரை ஆராய்ந்தபோது விடை வேறாக இருந்தது. ஒரே ஒலியை இடைவிடாது எழுப்பினால் மற்றவர்களின் மூளை அதற்குப் பழகி மெல்ல மெல்லப் பொருட்படுத்தாது விட்டுவிட்டது. துறவியரின் மூளையோ ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதைப் போல் எதிர்வினை காட்டியது. பிற்காலத்தில் 1981-இல் நடந்த ஓர் ஆய்வில் இவ்வேறுபாடு இப்படித் தெளிவாகத் தென்படவில்லை. எனினும் ஒரு நல்ல வினா எஞ்சியது: தியானம் என்பது உலகத்தை மூடுவதா, திறப்பதா? இரண்டு வகைப் பயிற்சிகளும் உண்டு என்பதே இன்றைய புரிதல்.

1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியுடைய நோயாளர்களுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சொற்களை விலக்கி, மூச்சைக் கவனித்தல், உடலுறுப்புகளை ஒவ்வொன்றாகக் கவனித்தல், எளிய யோக அசைவுகள் ஆகியவற்றை அதில் வைத்தார். மருத்துவமனைகளின் வாயில் தியானத்திற்குத் திறந்தது இவ்வாறுதான். அவ்வாயிலில் நுழையும்போது கவனம் உள்ளே சென்றது. கருணை சற்றுக் காலம் வெளியிலேயே நின்றுவிட்டது என்பது என் கருத்து. தன் வலி, தன் பதற்றம், தன் உறக்கம் என்பனவே நெடுநாள் ஆய்வுப் பொருள்களாக இருந்தன.

உடன் வருந்துதலும் அருளும்

பிறர் துன்பத்தைக் கண்டு நாமும் துன்புறுகிறோமே, அது கருணையா? 2004-இல் தானியா சிங்கர் என்னும் அறிஞர் 16 இணையரை வைத்து ஒரு சோதனை செய்தார். மனைவியோ காதலியோ மூளை வரைவுக் கருவிக்குள் இருக்க, துணைவர் அருகே அமர்ந்திருந்தார். இருவர் கைகளுக்கும் மாறிமாறிச் சிறிய மின்னதிர்ச்சி தரப்பட்டது. தனக்கு வலிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகளுள் சில, துணைவருக்கு வலிக்கிறது என்று அறிந்தபோதும் இயங்கின. வலி உடலில் எங்கே, எத்தன்மைத்து என்பதை அறிவிக்கும் பகுதிகள் இயங்கவில்லை. வலியின் 'வேதனை'யைச் சுமக்கும் பகுதிகளே இயங்கின. இதனை ஒத்துணர்வு என்பர்.

ஒத்துணர்வு நல்லதுதானே என்று தோன்றும். செவிலியரைக் கேளுங்கள், நோயுற்ற பாட்டியை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் அத்தையைக் கேளுங்கள். பிறர் துயரில் மூழ்கியே இருப்பவர் ஒருநாள் தாங்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் பிறரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. பங்கேற்றோர்க்கு முதலில் ஒத்துணர்வுப் பயிற்சி அளித்தனர்: துயருறும் மனிதரின் காணொலியைக் கண்டு அவ்வேதனையைத் தமதாக உணரவேண்டும். அவர்களது மனச்சுமை கூடியது. வலியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் மிகுதியாக இயங்கின. பின்னர் அவர்களுக்கே கருணைப் பயிற்சி அளித்தனர்: அம்மனிதர் நலமுற வேண்டும் என்னும் கனிந்த விழைவை வளர்க்கவேண்டும். காணொலிகளின் துயரம் குறையவில்லை. ஆனால் மனச்சுமை தணிந்தது. அன்பு, பற்றுறவு ஆகியவற்றோடு தொடர்புடைய வேறு பகுதிகள் இயங்கத் தொடங்கின. உடன் அழுவது ஒன்று. உடன் நிற்பது மற்றொன்று. முன்னது தன்னை நோக்கியும் பின்னது துன்புறுவாரை நோக்கியும் திரும்பியிருக்கிறது. பின்னதைப் பயிலமுடியும் என்பதே இங்குக் கிடைத்த புதிய செய்தி.

கவனத்திற்கும் கருணைக்கும் உள்ள உறவைக் காட்டும் ஓர் ஆய்வு தியானத்தைப் பற்றியதே அன்று. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பாட்சன் ஆகியோர் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் மாணவர்களை வைத்து அதனைச் செய்தனர். மாணவர் ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்திற்குச் சென்று ஒரு சிற்றுரை ஆற்றவேண்டும். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. செல்லும் வழியில் ஒருவர் தலைகுனிந்து, இருமி, முனகிக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். அவர் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர். நேரம் இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களுள் 63 விழுக்காட்டினர் உதவினர். சரியான நேரம் என்று சொல்லப்பட்டவர்களுள் 45 விழுக்காட்டினர். தாமதமாகிவிட்டது, விரைந்து செல்க என்று சொல்லப்பட்டவர்களுள் 10 விழுக்காட்டினர் மட்டுமே. கருணையைப் பற்றிய உரையைச் சுமந்து சென்றமை பெரிய வேறுபாடு எதனையும் உண்டாக்கவில்லை. அம்மாணவர்கள் கல்நெஞ்சர் அல்லர். விரைவு அவர்களுடைய கண்ணைக் குறுக்கிவிட்டது. தேர்வு நெருங்கும் திங்களில் நம் பள்ளித் தாழ்வாரத்தில் நடப்பதும் இதுவே.

தியானம் அக்கண்ணை விரிக்குமா? 2013-இல் பால் கான்டன், டேவிட் டெஸ்டெனோ முதலியோர் ஒரு காத்திருப்பு அறையில் மூன்று நாற்காலிகளை இட்டுச் சோதித்தனர். இரண்டில் ஆய்வாளரின் ஆள்கள். மூன்றாவதில் சோதனைக்கு வந்தவர். ஊன்றுகோலுடன் ஒருவர் வலியோடு நுழைந்து சுவரில் சாய்கிறார். முதல் இருவரும் அவரைக் காணாததுபோல் இருப்பர். மூன்றாமவர் எழுவாரா? எட்டு வாரம் தியானம் பயின்றவர்களுள் 50 விழுக்காட்டினர் எழுந்து இடம் தந்தனர். பயிலாதவர்களுள் 16 விழுக்காட்டினர். முழுக்கவனப் பயிற்சி, கருணைப் பயிற்சி இரண்டும் ஒத்த பயனையே தந்தன. பங்கேற்றோர் 39 பேர்தாம் என்பதையும் உடன் சொல்லவேண்டும்.

அளவையில் தேறாதவை

தியானத்தைப் பற்றி மிகைப்படச் சொல்வது இன்று எளிதாகிவிட்டது. ஆகையால் மறுபக்கத்தையும் மாணவர் அறிதல் நன்று. எட்டு வாரப் பயிற்சியில் மூளையின் சில பகுதிகள் அடர்த்தி பெறுகின்றன என்று 2011-இல் 16 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு கூறியது. இன்றும் அது மேடைகளில் எடுத்துரைக்கப்படுகிறது. 2022-இல் 200-க்கும் மேற்பட்டோரிடம் அதனை மீண்டும் சோதித்தபோது அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. 2014-இல் 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3515 பேரையும் ஒருங்கே எடுத்து மதிப்பிட்டபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றைத் தியானம் ஓரளவு குறைக்கிறது என்பது தெரிந்தது. உடற்பயிற்சியையும் மருந்தையும் விடச் சிறந்தது என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

நமக்கு மிக நெருக்கமானது பிரித்தானியாவில் நடந்த ஆய்வு. 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8000-க்கும் மேற்பட்ட மாணவர்களை உட்படுத்திய அதன் முடிவு 2022-இல் வெளிவந்தது. வகுப்பில் அனைவருக்கும் பொதுவாகக் கற்பிக்கப்பட்ட முழுக்கவனப் பயிற்சி, வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடங்களைவிட மாணவரின் மனநலத்தை மேம்படுத்தவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் அதனைப் பயிலவே இல்லை. விரும்பாதவரை வரிசையில் அமர்த்திக் கண்ணை மூடச் சொல்வதால் கவனம் வளராது என்பது ஆசிரியர் எவருக்கும் தெரிந்ததே. மேலும், ஆழ்ந்த துயரோ பழைய அதிர்ச்சியோ உடைய சிலருக்குத் தனித்து அமர்ந்து உள்நோக்குதல் கலக்கத்தை மிகுவிக்கவும் கூடும். அத்தகையோர்க்கு முதலில் வேண்டுவது மனநல மருத்துவரின் துணை.

எஞ்சுவது சிறிதாகத் தோன்றலாம். மனத்தைத் திருப்புதல் பழகக்கூடிய ஒரு திறன்; துன்புறுவாரின் நலத்தை விழைதலும் பழகக்கூடிய ஒரு திறன்; இரண்டும் சேரும்போது பிறர்பால் கண் ஓடுகிறது. இச்சிறிய செய்தி ஒரு மனித வாழ்வில் எவ்வளவு பெரிதாகக்கூடும் என்பதற்குத் தேனியிலேயே எடுத்துக்காட்டு உண்டு.

தேனியில் ஒரு கண் மருத்துவமனை

கோவிந்தப்ப வேங்கடசாமி 1918-இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று எண்ணினார். முப்பது வயதளவில் கடுமையான முடக்குவாதம் தாக்கியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். விரல்கள் கோணி நிலைத்துவிட்டன. மகப்பேறு மருத்துவம் கைகூடாது என்றாயிற்று. அவர் கண் மருத்துவத்திற்கு மாறினார். வளைந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, மயிரிழை அளவு பிசகினும் பார்வை போகும் கண்புரை அறுவையைப் பழகினார். வலியுள்ள கையால் அத்தகைய வேலையைச் செய்வதற்கு எத்தகைய கவனம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அரவிந்தரின் நெறியில் ஈடுபாடு கொண்டு நாள்தோறும் தியானம் செய்தவர் அவர்.

1976-இல், 58-ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் கிளை தேனியில் 1985-இல் ஏற்பட்டது. கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக்கொண்டு செலுத்த இயலாதோர்க்கு இலவசமாக அறுவை செய்வது அதன் முறை. அதனை ஆராய்ந்து ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் ஒரு பாடமே வெளியிட்டது. ஆனால் நம் பொருளுக்கு வேண்டியது அக்கணக்கு அன்று, வேறொரு நிகழ்வு.

தொடக்க நாள்களில் ஊர்தோறும் கண் சிகிச்சை முகாம் நடத்தி, புரையுடையோரைக் கண்டறிந்து, மருத்துவமனைக்கு வந்தால் இலவசமாக அறுவை செய்வதாகச் சொல்லிவந்தனர். பார்வை திரும்பும், காசும் இல்லை. இருந்தும் பலர் வரவில்லை. 'அறியாமை', 'அச்சம்' என்று பெயர்ச்சீட்டு ஒட்டிவிட்டு இருந்திருக்கலாம். மேகமலை வௌவாலுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவர்கள் அவ்வாறு விட்டுவிடாமல், வராதவர்களின் வீடுகளுக்குச் சென்று காரணம் கேட்டனர். பேருந்துக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கு உணவு யார் தருவார்? துணைக்கு வரும் மகன் அத்தனை நாள் கூலியை இழந்தால் வீடு எப்படி நடக்கும்? பார்வையிழந்த முதியவரின் கண்ணைப் பார்த்தவர்கள், அதன்பிறகே அவருடைய வீட்டைப் பார்த்தனர்.

முறை மாறியது. முகாமிலேயே அறுவைக்கு உரியோரைத் தேர்ந்து, அன்றே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துவந்தனர். உணவும் படுக்கையும் அளித்தனர். ஓர் ஊரார் அனைவரும் ஒன்றாகவே வந்ததால் தனித்துணை தேவைப்படவில்லை. ஒருவருக்கு மற்றவர் துணையாயினர். அறுவை முடிந்து கட்டு அவிழ்த்தபின், மருந்தைக் கையில் கொடுத்து, அதே பேருந்தில் அவரவர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டனர்.